சாவி சரி

மூச்சுக் கருவியோடு வரும் அபாய ஒலிப்பெட்டியை எப்படிப் பயன்படுத்துவது, எப்படிப் பராமரிப்பது என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி உங்கள் நிலைய அதிகாரி கேட்டார். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அதை வாசித்துக் காட்டப் போகிறாராம். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்றும், நான் எதையும் தேதி நேரத்தோடு ஒழுங்காகக் குறித்து வைப்பவன் என்றும் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் உண்மைதான். அதனால்தான் இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பேட்டரியை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது, தண்ணீர் பட்டால் எப்படித் துடைப்பது என்பதெல்லாம் பெட்டியோடு வரும் சிறு புத்தகத்தில் இருக்கிறது. நான் அதைத் திரும்ப எழுதவில்லை. இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. சோப்புக் கட்டி அளவுதான் இருக்கும். கருவியின் தோள்வாரில், மார்புப் பக்கமாக மாட்டியிருக்கும். அதற்கு ஒரு சாவி உண்டு. சாவி உள்ளே இருந்தால் பெட்டி தூங்குகிறது. சாவியை வெளியே இழுத்தால் விழித்துக்கொள்ளும். அதன்பிறகு, அணிந்திருப்பவன் அரை நிமிடம் அசையாமல் கிடந்தால் ஊரைக் கூட்டும்படி கத்தும். உள்ளே ஆள் விழுந்துவிட்டான் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். இழுத்த சாவி அணிந்தவனின் பாக்கெட்டுக்குப் போகக் கூடாது. கதவருகே பலகையோடு நிற்பவனின் கைக்கு வர வேண்டும். அவன் அதைப் பெயருக்கு நேராகக் கொக்கியில் மாட்டுவான். சாவி தொங்கும்வரை ஆள் உள்ளே இருக்கிறான் என்று பொருள்.

கருவியில் இன்னொரு சத்தமும் உண்டு. சிலிண்டரில் காற்று தீரப்போகும் நேரத்தில் ஒரு விசில் ஊதும். சென்னையில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்பார். "விசில் காத்துக்கு அழுவும். பெட்டி ஆளுக்கு அழுவும்." அவர் பெயரை நான் குறித்து வைக்கவில்லை. சொன்னதை மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் லீடிங் ஃபயர்மேனாக இருந்த நிலையத்துக்கு மூச்சுக் கருவியும் ஒலிப்பெட்டியுமாக இரண்டு செட் வந்தன. நிலையத்தின் பெயர் வேண்டாம். தவறு என்னுடையது, கட்டடத்துடையது அல்ல. திருத்தணி மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செட்டுகள் என் பொறுப்பு. தினமும் காலையில் அவற்றைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதும் என் வேலை.

முனிரத்தினமும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அதனால் அவன் என்றே எழுதுகிறேன். மணவூர்க்காரன். என் பெயரைச் சொல்லி அவன் என்னைக் கூப்பிட்டதே கிடையாது. 'கணக்கப்புள்ள' என்பான். நான் எந்நேரமும் எதையாவது எழுதிக்கொண்டிருப்பதற்கு அவன் வைத்த பெயர்.

செட் வந்த சில வாரங்களில் கோட்ட அதிகாரி பார்வையிட வந்தார். அவருக்குக் காட்டுவதற்காக நானும் முனிரத்தினமும் முழு உடுப்பில், சிலிண்டரைச் சுமந்து, சாவியை இழுத்துவிட்டு நேர்நிலையில் நின்றோம். அவர் எங்களுக்கு முன்னால் நின்று கட்டுப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நல்ல தீயணைப்பு வீரன் கற்சிலை மாதிரி நிற்க வேண்டும் என்றார். நாங்கள் கற்சிலை மாதிரி நின்றோம். அரை நிமிடம் ஆனது. முதலில் அவன் பெட்டி கத்தியது, உடனே என்னுடையதும். அதிகாரி துள்ளிப் பின்னால் போனார், தொப்பி கீழே விழுந்தது. முனிரத்தினம் உதடு அசையாமல் சொன்னான்: "கணக்கப்புள்ள, ரெண்டு பேரும் செத்துட்டோம்டா."

அவன் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன். அதற்குக் கிடைத்த வசவு பெரிது. அதிகாரி போன பிறகு எங்கள் நிலைய அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "இனிமே பரேடுல அத்த ஊளையிட உடாதே" என்றார். சரி என்றேன். பரேடில் சாவியை இழுப்பதை அன்றோடு நிறுத்தினோம்.

அடுத்தது குரங்கு.

சுமையோடு ஏறும்போது எவ்வளவு காற்று செலவாகிறது என்று பார்க்க, ஒரு காலையில் மலைப்படிகளில் பயிற்சி வைத்தோம். பாதிப் படியில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து கருவியைக் கழற்றினோம். முனிரத்தினத்தின் செட் சாவியைப் பலகையிலிருந்து எடுத்து நான் பக்கத்தில் கல்மேல் வைத்தேன். அதில் ஒரு பித்தளை வில்லை கோத்திருந்தது. வெயிலில் மின்னியது. குரங்கு ஒன்று இறங்கி வந்தது, எடுத்தது, மோந்து பார்த்தது, கூரைமேல் ஏறிப் போய்விட்டது. பக்தர்கள் வைத்திருந்த பொரிகடலை, வாழைப்பழம் எல்லாம் வாங்கிக் காட்டினோம். பழத்தைத் தின்றது. சாவி வரவில்லை.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. குரங்கு எடுத்துப் போனது என்று எப்படி எழுதுவது? இரண்டு நாள் யோசித்து, "பயிற்சிக்குப் பின் சாவி காணப்படவில்லை" என்று எழுதினேன். முனிரத்தினம் என் தோளுக்குமேல் எட்டிப் படித்தான்.

"யாரால?"

"இன்னாடா?"

"காணப்படலனு எழுதிக்கீறியே, யாரால காணப்படல? உன்னாலயா, என்னாலயா, கொரங்காலயா?"

"ஆபீசுல இப்படித்தான் எழுதணும்."

"நல்லா எழுதறீங்கடா. ஒருத்தனும் ஒண்ணும் செய்யாம எல்லாம் தானே நடந்துடுது."

மாற்றுச் சாவி வர மூன்று மாதமாயிற்று. அதுவரை அந்தச் செட்டுக்கு நேராகப் பதிவேட்டில் சிவப்பு மையில் 'குறை' என்று எழுத வேண்டியிருந்தது. தொண்ணூறு காலை அந்தச் சிவப்பு எழுத்தை நானே எழுதினேன். உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். எனக்கு அது என் சட்டையில் கறை இருப்பது போல இருந்தது.

புதுச் சாவி வந்த அன்று ஒரு முடிவு செய்தேன். இனி எந்தச் சாவியும் தொலையக் கூடாது. என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித் தறி போட்டிருந்தார்கள். அங்கே கஞ்சி போட்டு முறுக்கேற்றிய பாவு நூல், சிவப்பு நிறம், மிச்சம் கிடந்ததை வாங்கி வந்தேன். இரண்டு பெட்டியிலும் சாவியை உள்ளே செருகி, நூலை நான்காக மடித்து, சாவியின் வளையத்தையும் பெட்டியின் கொளுவியையும் சேர்த்துக் கட்டி இரட்டை முடிச்சுப் போட்டேன். வாலைச் சமமாக நறுக்கினேன். பார்க்க அழகாகவே இருந்தது.

பதிவேட்டில் 'சாவி' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் தினமும் 'சரி' என்று எழுதினேன். சாவி இருக்கிறதா, இருக்கிறது. எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது. சரி. அந்தச் சாவி வெளியே வருவதற்காகத்தான் செய்யப்பட்டது என்பதை நான் மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

முனிரத்தினம் ஒருநாள் அந்த முடிச்சை விரலால் நெருடிக்கொண்டே கேட்டான்.

"இன்னாத்துக்கு இந்தக் கட்டு? மாட்டக் கட்டி வெச்சா மாதிரி. அவசரத்துல எப்படி வரும்?"

"இழுத்தா அறுந்துடும்."

"இழுத்துப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன்.

நான் இழுத்துப் பார்க்கவே இல்லை.

இதன்பிறகு பதினான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஏரியில் விழுந்த மாடு, வைக்கோல் போர், கிருத்திகை நாட்களில் குளக்கரைக் காவல். கருவி தேவைப்படவே இல்லை. தினமும் 'சரி' எழுதினேன்.

அந்த நாளின் நேரங்களை என் நாட்குறிப்பிலிருந்து எடுத்துத் தருகிறேன். காலை 10.58க்கு அழைப்பு வந்தது. பொதட்டூர்ப்பேட்டை சாலையில் ஒரு நெசவு ஊர், நூல் கிடங்கில் தீ. நிலைய அதிகாரி அரக்கோணத்துக்கு ஒரு வேலையாகப் போயிருந்தார். நான்தான் பொறுப்பு. 11.16க்குப் போய்ச் சேர்ந்தோம்.

நூல் தீ வைக்கோல் தீ மாதிரி எரியாது. பேல் என்கிற நூல் மூட்டைக்குள் புகுந்துகொண்டு கனலும். சுடர் கொஞ்சம்தான் தெரியும், புகை கெட்டியாக வரும். அந்தக் கிடங்கு நீளமான ஒரு கூடம். ஒரே கதவு. ஜன்னல்களைப் பேல் அடுக்கி அடைத்திருந்தார்கள். உரிமையாளர் வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். தெலுங்கு பேசும் வீட்டுக்காரர், மச்சானைப் பாவா என்பார்கள்.

"நைனா, எங்க பாவா உள்ள கீறாரு நைனா! நூலு எடுக்கப் போனாரு, வரல! சீக்கிரம் எதனா பண்ணுங்க நைனா!"

முனிரத்தினமும் சேகர் என்ற இன்னொரு வீரரும் செட் போட்டார்கள். நான் கதவருகே பலகையோடு நின்றேன். சேகர் முகமூடியை இறுக்கிக்கொண்டிருந்தார். முனிரத்தினம் முகமூடி போடும் முன் மார்பில் இருந்த பெட்டியைப் பிடித்துச் சாவியை இழுத்தான். இன்னொரு முறை இழுத்தான்.

"வர்ல. அறுந்துடும்னியே."

"பலமா இழு."

"இழுத்துகினுதான்டா கீறேன். கத்தி குடு."

கத்தி என் இடுப்பில்தான் இருந்தது. பின்னால் உரிமையாளர் "எங்க பாவா, எங்க பாவா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஊரே என்னைப் பார்த்தது. நான் சொன்னது இதுதான், அப்படியே எழுதுகிறேன்:

"அத்த உடு, நேரமில்ல. நான் டயம் குறிச்சிக்கறேன். நீ போ."

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு முகமூடியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். 11.20.

பலகையில் இரண்டு கொக்கிகளும் காலியாக இருந்தன. பக்கத்தில் இருவர் பெயரையும், சிலிண்டர் அழுத்தத்தையும், உள்ளே போன நேரத்தையும் சாக்பீஸால் எழுதினேன். எழுத்து நேராக இருந்தது.

11.29க்குச் சேகர் அந்த மனிதரை அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். உயிர் இருந்தது. ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். சேகர் முகமூடியைக் கழற்றித் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணன் எங்க? பின்னாடியேதான் வந்துகினு இருந்தாரு. கை என் பெல்ட்டுலதான் இருந்துச்சு. இன்னாமோ சரிஞ்ச சத்தம் கேட்டுச்சு, நான் இந்தாளு காலுதான் எடறிச்சினு நெனச்சேன்..."

நான் கையைத் தூக்கி எல்லோரையும் சத்தம் போடாமல் நிற்கச் சொன்னேன். வண்டியின் தண்ணீர் பம்பை நிறுத்தச் சொன்னேன். கதவில் காதை வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

இனி எழுதப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். பெட்டி கத்தவில்லை. ஆகவே அவன் அசைந்துகொண்டிருக்கிறான், வேறு யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருக்கிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன். சாவியை இழுக்காத பெட்டி கத்தாது என்று தெரிந்தவன் நான். அதைக் கட்டியவனே நான். ஒன்பது நிமிடங்களுக்கு முன் அவன் என் முகத்துக்கு நேராகச் சாவி வரவில்லை என்று சொல்லியிருந்தான். ஆனாலும் அந்த மௌனத்தை நல்ல செய்தியாக நம்பி நின்றேன். தினமும் 'சரி' என்று எழுதிய கைக்கு அப்படி ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. நான்கு நிமிடம் நின்றேன். 11.33க்குச் சேகர்தான் என் கையைத் தொட்டு, "அண்ணே, சாவி ரெண்டும் கட்டித்தானே கீது?" என்றார்.

சேகரின் கருவியில் மாற்றுச் சிலிண்டர் பொருத்தி நான் அணிந்துகொண்டேன். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து அந்த நூலை அறுத்தேன். அறுக்க எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியும். ஒரு மூச்சு விடும் நேரம். சாவியைச் சேகரிடம் கொடுத்தேன். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

ஒன்றும் தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு தவழ்ந்தேன். எங்கே சரிந்திருக்கிறது என்று தெரிய, நின்று காது கொடுக்க வேண்டும். நின்றால், அரை நிமிடத்தில் என் பெட்டி கத்த ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. உடம்பை உலுக்கி அதை அடக்குவேன், கேட்பேன், மறுபடி கத்தும், மறுபடி உலுக்குவேன். அப்படித் தோளை ஆட்டிக்கொண்டே நின்றபோது, பஞ்சுக்குள் புதைத்து வைத்தது போல ஒரு விசில் கேட்டது. அவன் சிலிண்டர் விசில். காற்றுக்கு அழும் சத்தம். ஆளுக்கு அழும் சத்தம் கடைசிவரை வரவே இல்லை.

நான்கு பேல் அவன்மேல் சரிந்து கிடந்தன. இடுப்புக்குக் கீழே அசைக்க முடியாமல் கிடந்தான். நான் கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்து, வெளியே இருந்தவர்கள் இழுக்க, பேலை உருட்டி அவனை வெளியே கொண்டுவந்தபோது 11.51. விசில் இழுத்து இழுத்து அடங்கிக்கொண்டிருந்தது. முகமூடியைக் கழற்றினேன். நினைவு இருந்தது. என்னைப் பார்த்தான். ஒரு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவன் செட்டைத் தனியே எடுத்துப் போய், தீயணைப்பு வண்டியின் மறைவில், பெட்டியில் கட்டியிருந்த நூலை அறுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். நிலைய அதிகாரி அரக்கோணத்திலிருந்து வந்து சேர்ந்தபோது இரண்டு பெட்டியிலும் நூல் கிடையாது.

அறிக்கையை நான்தான் எழுதினேன். அதில் ஒரு வரி: "உள்ளே செல்லும்போது ஒலிப்பெட்டியின் சாவி எடுக்கப்படவில்லை."

அன்று வீட்டுக்கு வந்து என் நாட்குறிப்பிலும் அதே வரியைத்தான் எழுதினேன். அந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. அதிலும் அப்படித்தான் எழுதினேன்.

ஒரு வாரம் கழித்துக் கோட்ட அதிகாரி விசாரணைக்கு வந்தார். பரேடில் தொப்பி விழுந்தவர்தான். ஆஸ்பத்திரியில் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாக்குமூலம் எழுத என்னைப் பக்கத்தில் நிறுத்தினார். பதிவேட்டைப் புரட்டினார். எல்லா நாளும் 'சாவி சரி'. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"எடுக்கப்படவில்லைனு எழுதியிருக்கு. யாரோட மறதி?" என்றார்.

முனிரத்தினம் என்னைப் பார்த்தான். நான் பேனாவைப் பார்த்தேன்.

"நான்தான் சார். அவசரத்துல மறந்துட்டேன்."

அதை என் அழகான கையெழுத்தில் எழுதினேன். அவன் படுத்தபடியே கையெழுத்துப் போட்டான்.

அதிகாரி போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, "ஏன்டா?" என்றேன்.

"எனுக்குக் காலு போச்சு. என்ன இன்னா பண்ணிடப் போறாங்க? உன் பேரு பிரமோஷன் லிஸ்டுல கீது." கூரையைப் பார்த்தபடி சொன்னான்: "உள்ள கெடக்கச் சொல்ல கை மட்டும்தான் ஆடுச்சு. அந்த நூல உருவிப் பாத்தேன். கிளவுஸோட வரல. பல்லால கடிக்கலாம்னா மூஞ்சில முகமூடி. உன் முடிச்சு நல்ல முடிச்சுடா கணக்கப்புள்ள."

நான் அழுதேன்.

"அழுவாத. இன்னிக்கு நான் சொல்லிட்டேன். நாளிக்கு நீ சொல்லு."

டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். பேல் அழுத்திக்கொண்டிருந்த நேரம்தான் காலைக் கெடுத்தது, கொஞ்சம் முன்னால் எடுத்திருந்தால் முழங்கால் மடங்கியிருக்கும் என்றார். எவ்வளவு முன்னால் என்று நான் கேட்கவில்லை. நிமிடக் கணக்கு என்னிடமே இருந்தது.

அவனுக்கு எழுத்துமூலமான கண்டிப்பு. அப்புறம் வேறோர் ஊர் நிலையத்தில் தொலைபேசி அறையில் உட்கார வைத்தார்கள். எனக்கு அடுத்த வருடம் பதவி உயர்வு. 'நாளிக்கு' எட்டு வருடமாயிற்று.

இந்த எட்டு வருடத்தில் புதியவர்கள் பலருக்கு இந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். சாவியை இழுக்காமல் யாரையும் உள்ளே விடாதே, ஊரே அழுதாலும் விடாதே, காலிக் கொக்கிக்குப் பக்கத்தில் பெயர் எழுதாதே என்று கண்டிப்பாகச் சொன்னேன். தினமும் காலையில் சாவியை இழுத்து, பெட்டியைத் தரையில் அசையாமல் வைத்து, அது கத்துவதைக் காதால் கேட்ட பிறகுதான் 'சரி' என்ற சொல்லை எழுத வைத்தேன். பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்தாலும் விடவில்லை. ரொம்பக் கறாரான ஆள் என்று பெயர் வாங்கினேன். எங்கே கற்றுக்கொண்டேன் என்று யாராவது கேட்டால், "ஒரு ஃபயர்மேன் சாவி எடுக்க மறந்துவிட்டார்" என்பேன். கதையில் ஆள் பெயரைச் சொல்ல மாட்டேன். பெருந்தன்மை என்று நினைத்தார்கள்.

போன மாதம் நான் ஓய்வு பெற்றேன். மறுவாரம், அந்த வருடத்து நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு அரக்கோணத்தில் வண்டி மாறி மணவூருக்குப் போனேன். கால் காரணமாக முனிரத்தினம் எனக்கு முன்பே வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டிருந்தான். கோல் ஊன்றி வாசல் வரைக்கும் வந்தான். வலது கால் மடங்காமல் வட்டம் போட்டு வந்தது.

"இன்னா கணக்கப்புள்ள, வழி தெரிஞ்சுதா?"

அவன் மனைவி தேசம்மா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "வாங்கண்ணா, வாங்க. அண்ணி, புள்ளைங்க எல்லாம் நல்லா கீறாங்களா? உக்காருங்கண்ணா, காப்பி போடறேன்." ஆஸ்பத்திரி நாட்களில் நான் தினமும் போய் வந்ததை அவர் மறக்கவில்லை. அவர் புருஷனைப் புகையிலிருந்து தூக்கி வந்தவன் நான். அப்படித்தான் அவருக்குத் தெரியும்.

காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, சர்க்கரை எடுக்கப் பீரோவைத் திறக்கப் போனவர் உள்ளே இருந்தபடியே சத்தம் போட்டார்.

"யோவ், பீரோ சாவி எங்க வெச்ச?"

"அங்கதான் கீது பாரு."

"எங்க கீது? பாருங்கண்ணா, இந்தாளுக்குச் சாவின்னாலே ஆவாது. அன்னிக்கு அந்த ஒரு சாவிய மறக்காம எடுத்திருந்தா இந்தக் காலு இப்டி ஆவுமா? பொண்ணு கல்யாணத்துல எல்லாருக்கும் முன்னாடி கோல ஊணிகினு நின்னாரு. எத்தினி வருசமா சொல்லிகினு கீறேன், திருந்தற ஆளா இது?"

"ஆங், ஆங்" என்றான் முனிரத்தினம். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பழகிய பாட்டு. என்னை மட்டும் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் பார்த்த அதே பார்வை. அன்று நான் பேனாவைப் பார்த்தேன். இப்போது பார்ப்பதற்குக் கையில் நோட்டு இருந்தது. அதைப் பிரித்து, அந்தப் பக்கத்தை எடுத்து, தேசம்மா வாசற்படிக்கு வந்து நிற்கும்வரை காத்திருந்து வாசித்தேன். 10.58 அழைப்பு. 11.16 சேர்ந்தது. 11.20 உள்ளே சென்றது. சாவி எடுக்கப்படவில்லை.

"யாரால?" என்றான் முனிரத்தினம்.

மலைப்படிக் குரங்கின் நாளில் கேட்ட அதே குரல். ஆனால் சிரிக்கவில்லை.

சொன்னேன். நூலைச் சொன்னேன், இழுத்துப் பார்த்ததாகச் சொன்ன பொய்யைச் சொன்னேன், இடுப்பில் இருந்த கத்தியைச் சொன்னேன், நின்ற நான்கு நிமிடத்தைச் சொன்னேன், வண்டிக்குப் பின்னால் அறுத்ததைச் சொன்னேன். நோட்டின் அந்தப் பக்கத்திலேயே வைத்திருந்த நூலை எடுத்துக் காட்டினேன். சிவப்பு போய் வெளிறியிருந்தது. முடிச்சு அப்படியே இருந்தது.

தேசம்மா நூலைப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார்.

"நீ மறக்கலயா?"

"இல்ல."

"நான் எட்டு வருசமா உன்ன... ஏன்யா சொல்லல?"

"அவன் சொல்லட்டும்னு இருந்தேன்" என்றான்.

அவர் அப்படியே கீழே உட்கார்ந்து அவன் மடங்காத காலின்மேல் கையை வைத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக வந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போய்விட்டார். முனிரத்தினம் ஏரியில் தண்ணீர் குறைந்ததைப் பற்றி ஏதோ பேசினான். நானும் ஏதோ சொன்னேன். காப்பி ஆறிவிட்டிருந்தது. வண்டிக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். அவன் இரு என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

தெருமுனை திரும்பும்போது பின்னால் வேகமாக வரும் காலடி கேட்டது. தேசம்மா. மூச்சு வாங்கியது. கையில் என் நாட்குறிப்பு. நூலை உள்ளே வைத்து மூடியிருந்தார். அதை என் கையில் படாமல் நீட்டினார்.

"நோட்ட மறந்துட்டீங்க, சார்."

வாங்கிக்கொண்டேன். அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அவருக்கு நான் அண்ணா.